நன்றாகப் பேசுவாள்

பிரின்சிபால் அம்மாவிடம் நான் சொன்னது உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது ஒன்றுதான். பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது மாட்டிக்கொண்டிருப்பேன், யாராவது நாலு பேர் முன்னால் திட்டியிருப்பார்கள், அழுது தீர்த்திருக்கலாம். உண்மையைச் சொல்லி ஒருத்தியின் படிப்பைக் கெடுத்தவளை யார் திட்ட வருவார்கள்? சவம், நானேதான் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு பாறசாலையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அப்பா நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டில் பேசுவது தமிழ். சந்தையில் மலையாளம். அப்பா கோர்ட்டில் எழுதுவது மலையாளமும் இங்கிலீஷும். சாமி கும்பிடுவது தமிழில். சண்டை போடுவது மட்டும் எதிராளி எந்தப் பாஷையில் ஆரம்பிக்கிறாரோ அந்தப் பாஷையில். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து உனக்கு இரண்டும் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கிற பாஷையில் பதில் வரும், அவ்வளவுதான். எழுதத் தெரியுமா என்பதையும் அதனால் யாரும் கேட்பதில்லை. நான் நாலாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளியில் படித்தேன், பிறகு அப்பாவின் மனது மாறி என்னைத் தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதனால் எனக்கு இரண்டும் எழுத வரும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், குற்றம் கல்லூரியுடையது அல்ல. ஹாஸ்டலில் எனக்கு அறைத் தோழியாக வந்தவள் குளத்தூர்க்காரி. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்தான், ஆனாலும் அதுவரை நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. அவள் அப்பா குத்தகை நிலத்தில் மரச்சீனிக் கிழங்கு நட்டுப் பிழைக்கிறவர். கிறிஸ்தவ சபை நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை படித்தவள். பாதிரியார் ஒருவர் எங்கெங்கோ எழுதிக் கேட்டு அவளுக்குக் கல்லூரிக் கட்டணச் சலுகை வாங்கிக் கொடுத்திருந்தார். இந்த ஒரு கல்லூரியில்தான் அந்தச் சலுகை செல்லும். ஒரு பாடத்தில் தோற்றாலும் நின்றுவிடும்.

அவளுக்கு டாக்டராக வேண்டும். சும்மா எல்லாப் பெண்களும் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அவள் அம்மா மூன்று பிள்ளைகளைப் பிரசவத்திலேயே இழந்தவள். பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஊருக்கு ஒரு டாக்டரு வரணுமெங்கி, அது நானாத்தான் ஆவணும். வேற யாரு மக்கா வருவா அங்க?"

அதே வாரம்தான் இதுவும். ஹாஸ்டல் வாசலில் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி மலையாளத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அவள் அதன் முன்னால் நின்று என் முழங்கையை இழுத்தாள். "இதை வாசி. எனக்கு இதுல ஒரு அட்சரம் தெரியாது கேட்டியா. பேச்சு மட்டும்தான் எனக்கு." நான் நம்பவில்லை. அவள் மலையாளம் பேசினால் திருவனந்தபுரத்துப் பெண்களே திரும்பிப் பார்ப்பார்கள், அத்தனை சுத்தம். "போ பிள்ளே, கதை விடாதே" என்றேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு வாசித்துக் காட்டினேன். ஆக, எனக்குத் தெரியும். முதல் வாரத்திலிருந்தே தெரியும். இதை நன்றாக அழுத்திச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் ஏதோ தெரியாமல் நடந்த தவறு மாதிரி ஆகிவிடும்.

இரண்டாம் மாதம் தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று நடந்துகொண்டிருந்த போராட்டம் அது. எங்கள் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். பேப்பரில் வருவதற்கு முன்னால் பஸ்ஸில் வந்தவர்கள் வழியாகச் செய்தி வந்துவிட்டது. ஹாஸ்டலில் அன்று மத்தியானம் தெற்குப் பெண்கள் யாரும் சாப்பிடவில்லை.

அதுவரை சாப்பாட்டு அறையில் யாருக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருவோம். அந்த வாரத்துக்குப் பிறகு ஜன்னல் ஓரத்து மேசை தமிழ்ப் பெண்களுடையது ஆகிவிட்டது. யாரும் சட்டம் போடவில்லை, தானாக ஆனது. வார்டன் எங்களையெல்லாம் கூட்டி, நாமெல்லாம் சகோதரிகள், வித்தியாசம் பாராட்டக் கூடாது என்று அரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எல்லாரும் கை தட்டினோம். தட்டிவிட்டு அவரவர் மேசைக்குப் போய் உட்கார்ந்தோம்.

எனக்கு எந்த மேசையும் சரிப்படவில்லை. நாகர்கோவில் பெண்கள், "உங்க தமிழ் என்ன தமிழ் பிள்ளே, பாதி மலையாளம்லா" என்று சிரிப்பார்கள். அந்தப் பக்கம் போனால் யாராவது ஒருத்தி வாய்க்குள் "பாண்டி" என்பாள், தமிழச்சி என்று இளக்காரமாக. செத்துப்போனவர்களுக்காகத் தமிழ்ப் பெண்கள் ஒரு வாரம் தலையில் பூ வைக்காமல் இருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தமிழ் வகுப்புக்குப் போகும்போது பூவை எடுத்து ரூமாலில் முடிந்து கொள்வேன். வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்று திரும்ப வைத்துக்கொள்வேன். தூ! பதினேழு வயதில் எனக்கு எவ்வளவு சாமர்த்தியம்! என் அறைத் தோழிக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் சபையில் பூ வைக்கிற வழக்கமே கிடையாது. அவள் இரண்டு மேசையிலும் உட்காருவாள். கையில் கெமிஸ்ட்ரிப் புத்தகம் இருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்றே அவளுக்குத் தெரியாது.

இண்டர்மீடியட்டில் இரண்டாம் பாஷை என்று ஒரு பாடம் உண்டு. மலையாளமோ தமிழோ எடுக்கலாம். நாங்கள் இருவரும் தமிழ் எடுத்திருந்தோம். பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்த வகுப்பை நடத்தமாட்டார்கள். கலவரத்துக்குப் பிறகு சில அப்பாக்கள் வந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்துப் பேர் மிஞ்சினோம். தமிழ் ஆசிரியர் தினமும் வருகைப் பதிவை எடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். பார்வையாளர் அறையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்ததும் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"மக்கா, ஒரு காரியம் சொல்லணும்னாக்கும் வந்தது. கோர்ட்டில எங்கிட்ட ஒருத்தன் கேட்டான், ஒனக்க மக தமிழாமே படிக்கா, நீயும் அந்தக் கூட்டமான்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான். ஆனா எனக்கு சோறு எறங்கல்ல."

"நான் என்னப்பா செய்யணும்?"

"மலையாளத்துக்கு மாறிக்கோ. உனக்குத்தான் எழுத வருமே. நான் நிர்பந்திக்கல்ல, கேட்டியா. யோசிச்சுப் பாரு."

பாவம், அப்பா நிர்ப்பந்திக்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் செய்கிற துரோகமாகிவிடும். நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை, ஏனென்றால் ஆண்டு விழாவுக்குப் போடவிருந்த மலையாள நாடகத்தில் எனக்கு ஒரு வேஷம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாடகக்காரப் பெண்கள் உட்காரும் மேசையில் எனக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. தமிழ் வகுப்பில் இருந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவின் பயம் எனக்குக் கையில் கிடைத்த நல்ல சாக்கு. அவர் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே விண்ணப்பத்தை மனதில் எழுதி முடித்துவிட்டேன். அறைக்கு வந்து அவளிடம், "அப்பாவுக்கு உத்தியோகத்தில பயமாம், நான் மாறுதேன்" என்றேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "பாவம் உங்கப்பா, மாறிக்கோ" என்றாள். ஒன்பது பேராகிவிடும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

நாலு நாள் கழித்து பிரின்சிபால் அம்மா என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. எங்கள் எல்லாருடைய பெயரும் ஊரும் அவருக்குத் தெரியும். மேசையில் தமிழ் வகுப்பின் பட்டியல் இருந்தது. என்னை உட்காரச் சொன்னார். இங்கிலீஷில்தான் பேசுவார், மெதுவாக, நமக்குப் புரிகிற மாதிரி.

"நீ மாறியதைக் குற்றம் சொல்லக் கூப்பிடவில்லை. உன் அப்பாவின் நிலைமை எனக்குப் புரிகிறது. மற்ற எட்டுப் பேரும் நாகர்கோவில் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். குளத்தூர்ப் பெண் ஒருத்திக்குத்தான் போக வழியில்லை, அவளுடைய சலுகை இங்கேதான். அவள் மலையாளத்தில் சமாளிப்பாளா? நீ அவளுடைய அறைத் தோழி, உனக்குத் தெரியும். அவளால் முடியாது என்றால் சொல். உன்னைத் திரும்பத் தமிழ் வகுப்புக்கு வரச் சொல்லுவேன், உன் அப்பாவுக்கு நானே கடிதம் எழுதுவேன். பத்துப் பேர் ஆகிவிடும், வகுப்பு நடக்கும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிக் கேட்க முடியும்? நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு விலை என்னுடைய நாற்காலி.

"நன்றாகப் பேசுவாள், மேடம்" என்றேன். "எங்களைவிட நன்றாகப் பேசுவாள்."

பிரின்சிபால் அம்மாவின் முகம் தெளிந்தது. அவர் வடக்கே, மலையாளம் மட்டுமே புழங்கும் திருவல்லா பக்கத்துக்காரர். பேசத் தெரிந்த ஒருத்திக்கு எழுதத் தெரியாமல் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எங்கள் எல்லைக்கு வந்து பிறந்தால்தான் தெரியும். பட்டியலின் ஓரத்தில் ஏதோ எழுதினார். "நல்லது, என் கவலை தீர்ந்தது" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். வராந்தாவில் இறங்கி, ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன்.

தமிழ் வகுப்பை மூடியாயிற்று என்ற உத்தரவுதான் அவள் கைக்கு வந்தது; சலுகையில் படிக்கிறவள், மறுத்துச் சொன்னால் அதையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் ஏற்றுக்கொண்டாள். மறுவாரம் அவள் மலையாள வகுப்புக்கு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொன்னாள்: "நல்ல காலம், நீ இங்க இருக்கே."

அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் தேநீர் மணி அடித்த பிறகு, பின்பக்கத்து மாமரத்தடியில். இரண்டு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது. ஆனால் பாடம் என்ன எழுத்துக்கூட்டி வாசிப்பதா? பழைய காவியம், இலக்கணம், மூன்று பக்கத்துக்குக் கட்டுரை. மற்றவர்கள் ஐந்து வயதில் ஆரம்பித்ததை அவள் பதினேழில் ஆரம்பித்தாள். அதுவும் என்னிடம்! எனக்குப் பொறுமை கிடையாது. "எத்தனை தடவை சொல்லுகது?" என்று சிலேட்டைத் தள்ளிவிடுவேன். நாடக ஒத்திகை நெருங்க நெருங்க வாரத்துக்கு ஒரு நாள் என்றானது, பிறகு அதுவும் இல்லை. அவள் ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. "நீ போ மக்கா, நானே பாத்துக்கிடுதேன்" என்பாள். அந்த நல்ல குணம்தான் என்னைக் கொன்றது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

ஒரு நாள் மலையாள ஆசிரியர் எங்கள் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு நோட்டை எடுத்து, "இது யாருடைய தம்பி எழுதியது?" என்று தூக்கிக் காட்டினார். கோணல்மாணலாக, கோடு தாண்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி பெரிய பெரிய எழுத்து. வகுப்பே சிரித்தது. அவர் மோசமான மனிதர் இல்லை, யாரோ விளையாட்டாக எழுதியிருப்பதாகத்தான் நினைத்தார். அவள் எழுந்து போய் நோட்டை வாங்கிக்கொண்டாள். சுத்தமான மலையாளத்தில், "என்னுடையதுதான் சார், நான் இப்போதுதான் படிக்கிறேன்" என்றாள். இத்தனை நன்றாகப் பேசுகிறவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். அப்போது நான் நாடகக்காரப் பெண்களோடு இரண்டாம் வரிசைக்கு மாறியிருந்தேன். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்று சிரித்தேன். திரும்பி வரும்போது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் பரீட்சை முடிவு வந்தது. கெமிஸ்ட்ரியில் கல்லூரியிலேயே அவள்தான் முதல். பயாலஜியிலும் அப்படியே. மலையாளத்தில் தோல்வி. நான் எல்லாவற்றிலும் ஒரு மாதிரியாகத் தேறி, அதே கல்லூரியில் பி.ஏ. மலையாளத்துக்கு இடம் வாங்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பாறசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். குளத்தூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், பாதமெல்லாம் செம்மண். அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே கூப்பிட்டேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"பிரின்சிபாலம்மாவப் பாத்தேன். அவங்க பழைய ஃபைல எடுத்துக் காட்டினாங்க. அதுல எழுதியிருக்கு, எனக்கு மலையாளம் நல்லாத் தெரியும்னு நீ சொன்னியாம்."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் நாக்கு ஓடியது. "நல்லாப் பேசுவான்னுதான் நான் சொன்னேன். எழுதுவான்னு சொல்லல்ல."

"சரி. பேசுவேன்தானே. நீ சொன்னதுல தப்பொண்ணும் இல்ல." அவள் என்னோடு சண்டை போட வரவில்லை. அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை. "இப்போ நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. எனக்கு எழுதத் தெரியாதுங்கது உனக்கு முன்னாலேயே தெரியும், கேட்டப்போ அதைச் சொல்லாம விட்டுட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுத் தா. அது இருந்தா, விசாரிக்காம மாத்தினதுன்னு யுனிவர்சிட்டிக்கு எழுதலாமாம். செப்டம்பர் மறுபரீட்சையில தமிழே எழுத விடுவாங்களாம். சலுகையும் போவாது. பிரின்சிபாலம்மாவே சொன்னாங்க. மாசக் கடைசிக்குள்ள வேணும்."

"எழுதி அனுப்புதேன்" என்றேன்.

"இப்போவே எழுதப்பிடாதா? நான் இருக்கேன்."

"யோசிச்சு எழுதணும்லா. தபால்ல போடுதேன், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள."

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "மறக்காண்டாம் மக்கா, என்ன?" என்றாள். "வாறேன்" என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டு நடந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவருகில் நின்றிருந்த அப்பா, பட்டனைப் போட்டபடி, "அந்தக் காயிதத்தில எனக்க பேரு வருமா?" என்று கேட்டார். ராஜ்யங்களைப் பிரிக்கப்போகிற மாதங்கள் அவை. எந்தத் தாலுகா எங்கே போகும் என்று கோர்ட்டில் அதே பேச்சு. தமிழ் வகுப்பை மூடியது தவறு என்று ஒரு குமாஸ்தாவின் மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் எங்கெங்கே போகும் என்று அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை.

எழுதினேன். நாலு தடவை எழுதினேன். எப்படி எழுதினாலும் ஒரு இடத்தில் வந்து நிற்கும்: தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? அதற்குப் பதில் எழுதாமல் அந்தக் கடிதம் முழுமையாகாது. எழுதினால் அதை வாசிக்கப்போவது என்னைப் பி.ஏ.வுக்கு எடுத்த அதே பிரின்சிபால் அம்மா. கடைசியில் ஒன்றை உறையில் போட்டு விலாசமும் எழுதினேன். பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். ஞாயிறு போயிற்று. அடுத்த ஞாயிறும் போயிற்று. நாளைக்கு, நாளைக்கு என்று மாசக் கடைசி வந்தது. அன்று தபாலாபீஸ் மூடும் நேரம் வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூடிய பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தெற்குத் தாலுகாக்கள் பிரிந்து போயின. எங்கள் பாறசாலையும் அவளுடைய குளத்தூரும் கேரளத்திலேயே தங்கின. அப்பாவின் உத்தியோகத்துக்கு ஒரு கேடும் வரவில்லை. நான் படித்து முடித்துக் கல்லூரி ஆசிரியை ஆனேன். மலையாளம் கற்பித்தேன். ஒரு ஆண்டு விழாவில் யாரோ மேடையில் என்னை இரண்டு பாஷைக்கும் பாலம் என்று புகழ்ந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை, கும்பிட்டு மாலையை வாங்கிக்கொண்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். மூச்சுத் திணறல். உள்ளூர் வைத்தியர் ஆஸ்துமா என்று ஒரு மாதமாக மருந்து கொடுத்தும் குறையவில்லை. பூவார் போகிற வழியில் சபை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, நல்ல டாக்டர் வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். வாடகைக் கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். முன்னால் ஒரு மேசை போட்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி. தலையைத் தூக்காமல் மலையாளத்தில் பேரும் வயதும் கேட்டாள். மடமடவென்று அழகான கையெழுத்தில் மலையாளத்தில் எழுதினாள். பாறசாலை, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று நான் சொன்னதும் அவள் கை நின்றது. அண்ணாந்து பார்த்தாள். அவள்தான்.

பார்வையை அப்பா பக்கம் திருப்பினாள். மேசையைச் சுற்றி வந்து குனிந்து அவருடைய கணுக்காலில் பெருவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள்.

"படுத்தா மூச்சு முட்டுதா? தலையணை எத்தற வைக்கீங்க?" என்று தமிழில் கேட்டாள்.

"மூணு" என்றார் அப்பா. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"இது ஆஸ்துமா இல்ல. நெஞ்சாக்கும்" என்று என்னிடம் சொன்னாள். "வரிசையில நிக்காண்டாம். நேரே உள்ள கொண்டு போ." சீட்டின் மூலையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் இளைஞர். குழலை வைத்து நெஞ்சையும் முதுகையும் நெடுநேரம் கேட்டார். இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேச்சி எழுதியிருக்காங்களே, அப்புறம் என்ன" என்று நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவை வார்டில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு தணிந்து தூங்கிவிட்டார்.

நான் மேசைக்குத் திரும்பி வந்தேன். இத்தனை வருஷமாக என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"அந்தக் கடிதம் நான் எழுதினேன்" என்றேன். "அனுப்பல்ல."

"வரல்ல" என்றாள், எழுதிக்கொண்டே.

"ஏன்னு நீ கேக்கவே இல்லியே."

"கேட்டு எனக்கு என்ன ஆவணும்?"

அதில் கோபம்கூட இல்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லி அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும் போலிருந்தது. வெட்கமில்லாமல் சொன்னேன்: "நீ சொன்னதத்தான் டாக்டரும் சொன்னாரு. பாத்த உடனே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி என்னை முழுசாகப் பார்த்தாள்.

"நான் இஞ்ச சீட்டு எழுதுகவளாக்கும்" என்றாள். "பின்னால ஆளு நிக்குது. கொஞ்சம் மாறி நில்லு."

மாறி நின்றேன்.